கரையில் நிற்காதீர்கள், உள்வாய்ப் பக்கம் போங்கள்: ராமநாதபுரத்தில் பறவை மேயும் இடத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

ராமநாதபுரம் பக்கம் பறவை பார்க்க வருகிறவர்களில் பெரும்பாலோர் முதல் நாள் செய்யும் தவறு ஒன்றேதான். தார்ச்சாலையிலிருந்து இறங்கி, கண்மாய்க் கரையில் ஏறி நின்று, எதிரே விரிந்து கிடக்கும் தண்ணீரைப் பார்ப்பார்கள். நானும் அப்படித்தான் நின்றேன். டிசம்பர் மாதம், நல்ல மழை பெய்த வருஷம், கண்மாய் தளும்பிக்கொண்டிருந்தது. நடுத்தண்ணீரில் நீர்க்காகமும் முக்குளிப்பானும் இருந்தன. நான் தேடி வந்த உள்ளான் கூட்டத்தில் ஒன்றைக்கூடக் காணோம். இரண்டு மணி நேரம் வீணான பிறகு, ஆடு ஓட்டிக்கொண்டு வந்த பெரியவர் ஒருவர் நின்று கேட்டார்: “இங்கிட்டு என்னத்தத் தம்பி பாக்குறீங்க? இது ஆள் முங்குற தண்ணி. கொக்கு நிக்கணும்னா காலுக்குத் தரை வேணும்ல. அங்கிட்டு உள்வாய்ப் பக்கம் போங்க. அதுவும் தை கழிச்சு வாங்க.”

எந்தப் பக்கம், எந்த மாதம் என்று அவர் இரண்டு விஷயம் சொன்னார். நான் அதற்குப் பிறகு கற்றுக்கொண்டதெல்லாம் அந்த இரண்டையும் ஒட்டித்தான். இந்தக் கட்டுரை நீந்தும் பறவைகளைப் பற்றியது அல்ல. காலை ஊன்றி, நடந்து, தண்ணீரிலும் சேற்றிலும் இரை எடுக்கும் நாரை, கொக்கு, உள்ளான் வகைகளைப் பற்றியது. அவை எங்கே மேயும் என்று முன்கூட்டியே ஊகிக்கக் கற்றுக்கொண்டால், பாதி நாள் அலைச்சல் மிச்சம்.

முதலில் நிலத்தின் சாய்வைப் பாருங்கள்

வருசநாட்டு மலையில் கிளம்பும் வைகை, மதுரை, மானாமதுரை, பரமக்குடி தாண்டி ராமநாதபுரம் பெரிய கண்மாயில் வந்து சேர்கிறது. அதிலும் மிஞ்சினால்தான் ஆற்றங்கரை என்ற ஊருக்குப் பக்கத்தில் கடலைத் தொடும். தெற்கே குண்டாறு மூக்கையூர் அருகே மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. மற்ற ஆறுகளில் வெள்ளம் கரை தாண்டிப் பரவி, வடிந்து, சேறும் குட்டையுமாக ஒரு சமவெளியை விட்டுவிட்டுப் போகும். இங்கே அந்த வெள்ளத்தை நம் ஆட்கள் கால்வாய் வெட்டித் திருப்பி, கண்மாய் கண்மாயாகப் பகுத்து வைத்துவிட்டார்கள். ஆகவே வைகையின் வெள்ளச் சமவெளி எது என்று யாராவது கேட்டால், இந்தக் கண்மாய்களையும் அவற்றின் கீழுள்ள வயல்களையும்தான் நான் காட்டுவேன்.

கண்மாயின் அமைப்பு எளிது. தாழ்ந்த பக்கத்தில் பிறை வடிவில் மண் கரை. அதில் பாசனத்துக்குத் தண்ணீர் திறக்கும் மடைகள், மிஞ்சியதை வெளியேற்றும் கலுங்கு. மேட்டுப் பக்கம் கரையே கிடையாது. நிலம் மெதுவாக ஏறி, புல்லாகி, காடாகிவிடும். அதுதான் உள்வாய். தண்ணீர் மிக ஆழமாக இருப்பது கரையை ஒட்டி, குறிப்பாக மடைக்கு முன்னால். மிக ஆழம் குறைந்தது உள்வாயில். நாம் நிற்பதற்கு வசதியான கரை, கொக்கு நிற்பதற்கு வசதியற்ற இடம்.

இதில் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. 100 மீட்டருக்கு 20 சென்டிமீட்டர் சரிவுள்ள உள்வாயை எடுத்துக்கொள்ளுங்கள். வெயிலாலும் பாசனத்தாலும் தண்ணீர் மட்டம் ஒரே ஒரு சென்டிமீட்டர் இறங்கினால், நீர் விளிம்பு 5 மீட்டர் பின்வாங்கும். அதாவது, நேற்று கணுக்காலளவு தண்ணீருக்குள் ஒளிந்திருந்த நிலம் சில நாளில் ஈரச் சேறாக வெளியே வந்துவிடும். பறவைகள் அந்த விளிம்பின் பின்னாலேயே நடக்கின்றன. போன வாரம் பார்த்த இடத்திலேயே இந்த வாரமும் போய் நின்றுகொண்டு, பறவை போய்விட்டது என்று சொல்லக்கூடாது. பறவை தண்ணீரோடு நகர்ந்திருக்கும், அவ்வளவுதான்.

ஆகவே முதல் வேலை: போகும் முன்பு செயற்கைக்கோள் வரைபடத்தில் கண்மாயைப் பாருங்கள். கரை எந்தப் பக்கம் வளைந்திருக்கிறது என்று குறித்துக்கொண்டு, அதற்கு நேர் எதிர்ப் பக்கம் போகும் வண்டிப்பாதையைத் தேடுங்கள். காலையில் கிழக்கே முதுகைக் காட்டி நிற்க வசதியான இடமாக அது இருந்தால் இன்னும் நல்லது.

அளவுகோல் பறவையின் கால்தான்

தண்ணீரில் இறங்கி ஆழம் பார்க்க வேண்டாம். நிற்கிற பறவையே அளந்து சொல்லிவிடும். கொசு உள்ளான் கால் நனைத்து ஓடும் இடத்தில் இரண்டு மூன்று சென்டிமீட்டருக்கு மேல் ஆழம் இருக்காது. பச்சைக்காலி சற்று உள்ளே, நெடுங்கால் உள்ளான் அதற்கும் உள்ளே. பெரிய கொக்கும் சங்குவளை நாரையும் நெடுங்கால் உள்ளானுக்கு வயிறு நனையும் ஆழத்தில் நிதானமாக நடக்கும். பூநாரை இன்னும் ஆழத்தில் நிற்கும், தேவைப்பட்டால் நீந்தவும் செய்யும்.

(பறவையின் காலில் பின்பக்கமாக மடங்குகிற மூட்டை எல்லோரும் முழங்கால் என்கிறோம். உண்மையில் அது கணுக்கால். முழங்கால் மேலே இறகுக்குள் இருக்கிறது. இது தெரிந்த அன்று எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது.)

ஒரு உள்வாயில் நல்ல சரிவு இருந்தால் இந்த வகைகள் எல்லாம் வரிசை வரிசையாக, பந்தியில் உட்கார்ந்த மாதிரி நிற்பதைப் பார்க்கலாம். ஒரே தண்ணீரில் சண்டையில்லாமல் இத்தனை வகை பிழைப்பதற்குக் கால் நீளம் பாதிக் காரணம். மீதிக் காரணம் அலகு.

அலகையும் தரையையும் சேர்த்துப் படியுங்கள்

புதியவர்கள் பெரும்பாலும் பெயர் கண்டுபிடிப்பதில்தான் மூழ்கிப் போகிறார்கள். உள்ளான்களில் அது பெரிய தலைவலி. பழுப்பும் வெள்ளையுமாக எல்லாம் ஒன்று போலவே இருக்கும். என் யோசனை, முதல் சில தடவை பெயரை விட்டுவிடுங்கள். எப்படித் தின்கிறது என்று மட்டும் பாருங்கள்.

சில பறவைகள் கண்ணால் வேட்டையாடுபவை. பட்டாணி உள்ளான் நாலடி ஓடும், சடக்கென்று நிற்கும், குனிந்து ஒன்றைக் கொத்தும், மறுபடி ஓடும். பெரிய கண், குட்டை அலகு. இரை மேல்பரப்பில் அசைந்தால்தான் இதற்குத் தெரியும். அதனால் தெளிவான, திறந்த, சற்று உறுதியான தரை வேண்டும். மணலும் மண்ணும் கலந்த ஈரத்தரையில் தேடுங்கள். சின்னக் கொக்கும் கண்ணை நம்புகிற பறவைதான். ஆனால் அது தண்ணீருக்குள் ஒரு காலை நீட்டி நடுக்கி, மீனைக் கிளப்பிவிட்டுப் பிடிக்கும். கலங்கிய தண்ணீரில் அதற்குச் சிரமம்.

வேறு சில, தொட்டுப் பார்த்துத் தின்பவை. கொசு உள்ளான் போன்றவற்றின் அலகு நுனியில் அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் நெருக்கமாக இருக்கின்றன. தையல் மெஷின் ஊசி மாதிரி சேற்றில் குத்திக்கொண்டே போவது அதனால்தான். சேறு மெத்தென்று இருக்கும்வரை இது நடக்கும். மேல்பரப்பு காய்ந்து பொருக்குத் தட்டிவிட்டால் புழுக்களும் ஆழத்துக்குப் போய்விடும், அலகும் இறங்காது. வெடிப்பு விட்ட சேற்றில் உள்ளானைத் தேடுவது வீண். பளபளவென்று ஈரம் மின்னும் சேறாகத் தேடுங்கள்.

சங்குவளை நாரையும் தொட்டுணர்ந்து தின்பதுதான், ஆனால் மீனை. அலகைப் பாதி திறந்து தண்ணீருக்குள் விட்டுக்கொண்டு நடக்கும். மீன் பட்டதும் மூடிக்கொள்ளும். தண்ணீர் கலங்கலாக இருந்தாலும் இதற்குக் கவலையில்லை. மீன் நெருக்கமாக இருந்தால் போதும். கரண்டிவாயன் தலையை இடமும் வலமும் வீசிக்கொண்டே போகும். அதற்குச் செடி கொடி சிக்காத, சமதளமான தண்ணீர் வேண்டும். ஆம்பலும் கோரையும் மண்டிய இடத்தில் கரண்டிவாயன் கூட்டத்தைப் பார்த்ததாக யாராவது சொன்னால் நான் இரண்டு முறை கேட்பேன்.

நத்தைக்குத்தி நாரையின் அலகு நடுவில் மூடாமல் இடைவெளி விட்டிருக்கும். நத்தையை வெளியே எடுக்கத் தோதான கருவி அது. நத்தை எங்கே? நெல் வயலிலும் வாய்க்காலிலும் தண்ணீர் நிற்கும் பள்ளங்களிலும். ஆகவே இந்த நாரைக்குக் கண்மாய் வெறும் தங்குமிடம், சாப்பாடு பெரும்பாலும் வயலில். மடையானைத் தேடுவதும் சுலபம். மடையில் கசியும் தண்ணீரோடு வரும் சின்ன மீனுக்காக அங்கேயே அசையாமல் நிற்கும். பெயருக்குப் பொருத்தமான பிழைப்பு.

கோட்டான் என்றால் ஊரில் ஆந்தை நினைவுதான் வரும். நான் சொல்வது குதிரைமலைக் கோட்டானை. கீழ்நோக்கி வளைந்த நீண்ட அலகு. நண்டு வளைக்குள் அந்த அலகை விட்டு நண்டை இழுத்து எடுப்பதைப் பார்க்க வேண்டுமென்றால் கண்மாயை விட்டுவிட்டுக் கடல் பக்கம் போக வேண்டும்.

வற்றும்போது வாருங்கள்

குளம் வற்றினால் பறவை பறந்துவிடும் என்று சின்ன வயதிலிருந்தே படித்து வந்திருக்கிறோம். வற்றி முடிந்த பிறகு அது உண்மை. ஆனால் வற்றிக்கொண்டிருக்கும் நாட்களில்தான் நடந்து மேயும் பறவைகளுக்கு விருந்து. கண்மாய் நிறைந்திருக்கும்போது மீன்கள் பரந்த தண்ணீரில் சிதறிக் கிடக்கும், கால் எட்டும் ஆழமும் குறைவு. தண்ணீர் சுருங்கச் சுருங்க அதே மீன்கள் சின்னச் சின்னப் பள்ளங்களில் நெருங்கும். ஒரு கெண்டையைப் பிடிக்கப் பத்து நிமிஷம் நின்ற கொக்கு, இப்போது நிமிஷத்துக்கு ஒன்று பிடிக்கும்.

இங்கே மழை முக்கியமாக அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வடகிழக்குப் பருவத்தில். இதை வைத்து என் வருஷத்தை இப்படி ஓட்டுகிறேன். ஆகஸ்ட், செப்டம்பரில் வடக்கேயிருந்து முதல் வலசை உள்ளான்கள் வந்துவிடும். அப்போது கண்மாய்கள் பெரும்பாலும் வறண்டு கிடக்கும், ஆகவே கடற்கரையும் உப்பளமும் மட்டும். மழை தொடங்கியதும் கண்மாயை விட, புதிதாகத் தண்ணீர் தேங்கிய வயலும் தரிசுப் பள்ளமும் நன்றாக இருக்கும். டிசம்பரிலிருந்து சரணாலயங்களில் கூடு பார்க்கலாம். மேய்ச்சல் பார்க்க ஜனவரி பிற்பகுதியிலிருந்து மார்ச் வரை உள்வாய்கள். அப்புறம் ஏப்ரலில் கடைசிக் குட்டைகள். மழை ஏமாற்றிய வருஷத்தில் இது அத்தனையும் ஒரு மாதம் முன்னால் வந்துவிடும். தேதியை நம்பாமல் தண்ணீரைக் கேட்டுக்கொண்டு போங்கள். ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், “மடை தெறந்தாச்சா, எவ்வளவு கெடக்கு?” என்று கேட்டால் போதும்.

ஒரு நாளுக்குள்ளும் நேரம் உண்டு. செடியும் பாசியும் நிறைந்த, சுருங்கிய குட்டையில் இரவு முழுக்க எல்லா உயிரும் மூச்சு விட்டு விட்டு, விடியற்காலையில்தான் கரைந்த ஆக்சிஜன் மிகக் குறைவாக இருக்கும். மீன்கள் மூச்சுக்காக மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். கொக்குக் கூட்டம் அந்த நேரத்தில் அங்கே இருக்கும். வெயில் ஏறி, பாசி வேலை செய்ய ஆரம்பித்ததும் மீன் கீழே போய்விடும், கொக்கும் கலைந்துவிடும். எட்டு மணிக்கு டீ குடித்துவிட்டுக் கிளம்பினால் நடந்து முடிந்த பந்தியின் இலையைத்தான் பார்க்கலாம். ஆறு மணிக்கு அங்கே இருங்கள்.

கூடு கட்டும் இடம் வேறு, சாப்பிடும் இடம் வேறு

சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் (இரண்டும் 1989-ல் சரணாலயமானவை), மேலச்செல்வனூர்-கீழச்செல்வனூர், தேர்த்தங்கல், சக்கரக்கோட்டை என்று மாவட்டத்தில் கண்மாய்ச் சரணாலயங்கள் இருக்கின்றன. சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் 2022-ல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தன. சக்கரக்கோட்டையும் தேர்த்தங்கலும் 2025-ல் சேர்ந்தன. நாட்டுக் கருவேல மரங்கள் தண்ணீருக்குள் நிற்பதால் கூட்டுக்குப் பாதுகாப்பு. அதனால்தான் அங்கே கூடு. ஆனால் அங்கே கூடு கட்டியிருக்கும் நாரை அந்தக் கண்மாயிலேயே சாப்பிட வேண்டும் என்று கட்டாயமில்லை.

இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி: விடிந்ததும் சரணாலயத்துக்கு வெளியே கரையில் நின்று (ஆமாம், இந்த ஒரு வேலைக்கு மட்டும் கரை நல்லது) பறவைகள் எந்தத் திசைக்குப் போகின்றன என்று அரை மணி நேரம் எண்ணுங்கள். பெரும்பாலானவை ஒரே திசையில் போனால் அந்தப் பக்கம் வயலோ, வற்றும் கண்மாயோ இருக்கிறது. வண்டியை எடுத்துக்கொண்டு அந்தத் திசையில் போய்த் தேடுங்கள். நான் பார்த்த நல்ல மேய்ச்சல் இடங்களில் பாதி இப்படிக் கிடைத்தவை. எந்தப் பட்டியலிலும் இல்லாத, பெயர்ப் பலகையே இல்லாத ஊர்க் கண்மாய்கள்.

கடல் பக்கம் கணக்கு வேறு

கச் வளைகுடா மாதிரி இங்கே கடல் பல மீட்டர் ஏறி இறங்காது. ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையில் ஒரு மீட்டர்கூட வராது. அதனால் ஓதத்தை, அதாவது இந்த ஏற்ற இறக்கத்தை, கவனிக்க வேண்டியதில்லை என்று நினைத்துவிடக் கூடாது. தரை அவ்வளவு சமமாக இருப்பதால் ஒரு சாண் தண்ணீர் இறங்கினாலே பெரிய திடல் வெளியே வரும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வற்றம் அதிகம். ஒரு நாள் பார்த்த நேரத்தைவிட மறுநாள் ஏறத்தாழ 50 நிமிஷம் தள்ளி வரும். தண்ணீர் இறங்கத் தொடங்கும்போதே போய் உட்கார்ந்துவிடுங்கள். முதலில் வெளியே வரும் மேட்டில்தான் பறவை முதலில் இறங்கும்.

ஓதத்தோடு காற்றையும் பார்க்க வேண்டும். வாடைக் காற்றுக் காலத்தில் பாக் நீரிணைப் பக்கம் கொந்தளிக்கும், மன்னார் வளைகுடாப் பக்கம் அடங்கிக் கிடக்கும். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும்போது தலைகீழ். தனுஷ்கோடி சாலையில் போனால் இரண்டு கடலையும் ஒரே பார்வையில் ஒப்பிடலாம். காற்று தண்ணீரைத் தள்ளிக் கரையேற்றும் பக்கம் திடல் மூழ்கிவிடும், அலையடிக்கும் இடத்தில் கொசு உள்ளான் நிற்காது. பறவை எதிர்ப்பக்கம் மாறியிருக்கும். 1964 டிசம்பர் புயலுக்குப் பிறகு ஊர் இல்லாமல் போன அந்த மணல் முனையின் காயல்களில் குளிர்காலத்தில் பூநாரைகள் வருகின்றன. தலையைத் தலைகீழாகத் தொங்கவிட்டு, அலகின் ஓரத்துச் சல்லடையால் தண்ணீரை வடித்துப் பாசியும் சின்ன உயிர்களும் தின்னும். அந்தப் பகுதி 2025-ல் பூநாரைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது.

மணலும் சேறும் கடல் பக்கம் இன்னும் தெளிவாகப் பிரிந்து கிடக்கும். நுண்ணிய சேற்றில் அழுகிய இலைதழை தங்கும், அதைத் தின்னும் புழு பெருகும். காரங்காடு அலையாத்திக் காட்டை ஒட்டிய சேற்றில் உள்ளானும் கோட்டானும் மேய்வது அதனால். அங்கே வனத்துறை படகில் அழைத்துப் போகிறது. மணல் திடலில் புழு குறைவு, நண்டும் சிப்பியும் அதிகம். தடித்த கறுப்பு அலகுள்ள நண்டு தின்னி உள்ளானுக்கு அதுதான் இடம். அதைத் தேடி மன்னார் வளைகுடாத் தீவுகளுக்குப் போகலாமே என்று யோசிக்காதீர்கள். 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா, வனத்துறை அனுமதியில்லாமல் கால் வைக்க முடியாது.

உப்பளம் என்றால் வெள்ளை வெளேரென்று உப்புப் பூத்த பாத்தியைப் படம் எடுக்க எல்லோரும் போவார்கள். அங்கே பறவை இருக்காது. அவ்வளவு உப்பில் இரை பிழைக்காது. கடல்நீர் முதலில் வந்து தேங்கும் பெரிய தேக்கங்களையும், அடுத்து உப்பு ஏறத் தொடங்கும் பாத்திகளையும் பாருங்கள். சின்ன மீன், உவர் இறால், உவர் ஈயின் புழு எல்லாம் அங்கேதான். கடல் ஏறித் திடல் மூழ்கியிருக்கும் நேரத்தில் உள்ளான்கள் வந்து ஓய்வெடுப்பதும் பாத்தி வரப்புகளில். வாலிநோக்கம் பக்கம் நான் ஒருமுறை வரப்பு என்று நினைத்துக் கால் வைத்து இடுப்பு வரை சேற்றில் இறங்கியிருக்கிறேன். அளத்தில் வேலை செய்த ஒரு அக்கா மூங்கில் நீட்டித் தூக்கிவிட்டார். திட்டும் வாங்கினேன். அளத்துக்காரர்களிடம் கேட்காமல் உள்ளே போகாதீர்கள், வழி சொல்வார்கள்.

அறுவடை முடிந்து தண்ணீர் வடித்த இறால் குட்டையும் இரண்டு மூன்று நாளுக்கு நன்றாக இருக்கும். அதுவும் கேட்டுக்கொண்டுதான்.

ஆழமும் சேறும் சரியாக இருந்தும் பறவை இல்லையா?

சுற்றிலும் பாருங்கள். சீமைக் கருவேலம் நீர் விளிம்பு வரை மண்டியிருந்தால் உள்ளான்கள் இறங்கத் தயங்கும். பைரி என்ற வேட்டைப் பறவை எங்கிருந்து பாயும் என்று தெரியாத இடத்தில் தலை குனிந்து சாப்பிட முடியாது. நாய்கள் திரியும் கரை, வண்டி ஓடும் மணல், இதுவும் அதே கதை. ஒரு முறை நாம் கிளப்பிவிட்டால் அந்தக் கூட்டம் பறந்து, சுற்றி, மறுபடி இறங்கச் செலவழிக்கும் சக்தி சும்மா வந்ததல்ல. மார்ச், ஏப்ரலில் அவை வடக்கே நெடுந்தூரம் பறக்கக் கொழுப்புச் சேர்க்கும் காலம். அப்போது இன்னும் கவனம் தேவை.

கையில் 8 மடங்கு பெரிதாக்கும் இருநோக்கி போதும். காயலிலும் உப்பளத்திலும் தூரம் அதிகம். நண்பர் யாரிடமாவது முக்காலியில் வைக்கும் தொலைநோக்கி இருந்தால் அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். நோட்டில் பெயரும் எண்ணிக்கையும் மட்டும் எழுதாமல், தண்ணீர் பறவையின் காலில் எதுவரை இருந்தது, தரை மணலா சேறா, விளிம்பிலிருந்து எவ்வளவு தள்ளி, எப்படித் தின்றது என்று நாலு வார்த்தை சேர்த்து எழுதுங்கள். ஜனவரியில் பொங்கல் நாட்களில் தமிழ்நாடு முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது, 2015 முதல். உங்கள் ஊர்க் கண்மாயை அதில் சேர்க்க 15 நிமிஷம் நின்று எண்ணினால் போதும்.

மெதுவாக நடந்து, அடிக்கடி நின்று கிட்டப் போங்கள். மேய்ந்துகொண்டிருந்த பறவை தலையைத் தூக்கி உங்களையே பார்த்தால் நின்றுவிடுங்கள். மறுபடி தலை குனியவில்லை என்றால் இரண்டடி பின்னால் வந்து, அங்கேயே உட்காருங்கள். பத்து நிமிஷத்தில் அது தன் வேலையைப் பார்க்கத் தொடங்கிவிடும்.